மெக்கானிக்கல் முதல் வருடம்: டிராயிங், ஒர்க்‌ஷாப் இரண்டையும் ஒப்பேற்றினால் போதுமா?

கடலூர்ப் பையன் · ஆகஸ்ட் 11, இரவு 9:12

கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. பக்கத்துத் தெரு சீனியர் சொல்வது: "டிராயிங்கையும் ஒர்க்‌ஷாப்பையும் எப்படியாவது ஒப்பேத்திடு. தாத்தா காலத்துச் சமாச்சாரம். படம் போடுற சாலிட்ஒர்க்ஸ், பலம் பார்க்குற அன்சிஸ், இந்த ரெண்டு சாஃப்ட்வேரும் கையில இருந்தா டிசைன் வேலை தானா வரும்." மினி டிராஃப்டர் (பலகையில் பூட்டி இணைகோடு போடும் கருவி) வாங்குவதுகூட தண்டச் செலவாம். எந்த அளவுக்குச் சரி?

ஓசூர்வாசி · ஆகஸ்ட் 11, இரவு 9:31

டிராஃப்டர் வாங்கு தம்பி. அந்த சீனியரிடமே பழையது கிடக்கும், பாதி விலைக்குக் கேள். வாங்கும் முன் இரண்டு ஸ்கேலும் 90 டிகிரியில் இருக்கிறதா, திருகை இறுக்கிய பிறகும் கை ஆடுகிறதா என்று பார். ஆட்டம் இருந்தால் இணைகோடு இணையாக வராது. ஷீட் முழுக்கப் போட்ட பிறகுதான் தெரியும், அப்போது அழிக்க ரப்பர் போதாது.

கியர்பெட்டி · ஆகஸ்ட் 11, இரவு 10:18

சீனியர் சொன்னதில் பாதி சரி. பலகையில் ஷீட் ஒட்டிப் படம் போடும் வேலை இன்று எங்கும் இல்லை. ஆனால் மற்ற பாதியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

ஒரு கூம்பை எடுத்துக்கொள்வோம். அடி ஆரம் 25, உயரம் 60. இதன் விரிப்புப் படத்தை, அதாவது சுருட்டினால் கூம்பாகும் தட்டை வடிவத்தை, போடு என்பது வழக்கமான கேள்வி. சாய்வு உயரம் 65. விரிப்பு 65 ஆரமுள்ள வட்டக்கோணப் பகுதி, கோணம் 360 × 25 ÷ 65, அதாவது சுமார் 138.5 டிகிரி. வகுப்பில் கால்வாசிப் பேர் சாய்வு உயரத்துக்குப் பதில் 60-ஐயே ஆரமாக எடுப்பார்கள். கோணம் 150 என்று அழகாக முழு எண்ணில் வரும், விடை சரி என்ற நம்பிக்கையும் சேர்ந்து வரும். வெட்டிச் சுருட்டினால் அடி வட்டம் கச்சிதமாக மூடும், ஏனென்றால் வில்லின் நீளம் இரண்டிலும் ஒரே 157 மி.மீ. கூம்பின் உயரம் மட்டும் 54.5 ஆகிவிடும். தகரத்தில் ஒரு தடவை வெட்டிச் சுருட்டிப் பார்த்தவனுக்கு இந்தத் தப்பு மறுபடி வராது. டிராயிங்கும் ஷீட் மெட்டல் ஒர்க்‌ஷாப்பும் ஒரே செமஸ்டரில் வருவதைப் பயன்படுத்திக்கொள். பேப்பரில் போட்ட விரிப்பையே தகரத்துக்கு மாற்று, ஓரத்தில் ஒட்டு மடிப்புக்கு 5, 6 மி.மீ. கூடுதலாக விடு. வாய் விளிம்பில் கம்பி வைத்து மடிப்பதானால் கம்பி விட்டத்தில் இரண்டரை மடங்கு.

கோடிங்குக்குப் போனவன் · ஆகஸ்ட் 11, இரவு 10:44

சாலிட்ஒர்க்ஸில் ஷீட் மெட்டல் டேப், ஒரு கிளிக், விரிப்பு தயார். 138.5 டிகிரியை யார் கையால் போடப்போகிறார்கள்?

கியர்பெட்டி · ஆகஸ்ட் 11, இரவு 11:05

போடு பார்க்கலாம். மூடிய கூம்பை அது விரிக்காது, ஒரு வெட்டு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி எங்கே, எவ்வளவு என்பதை அது உன்னைத்தான் கேட்கும். அடுத்தது கே-ஃபேக்டர், மடிக்கும்போது நீளம் மாறாத அடுக்கு தகட்டின் தடிமனில் எங்கே என்று சொல்லும் எண். 2 மி.மீ. தகடு, உள் ஆரம் 2, மடிப்பு 90 டிகிரி. கே 0.5 என்று வந்ததை அப்படியே விட்டால் மடிப்புக்குப் போகும் நீளம் 4.71 மி.மீ. உண்மையில் அந்தத் தகடு 0.42-ல் மடிகிறது என்றால் 4.46. ஒரு மடிப்புக்குக் கால் மி.மீ., நாலு மடிப்புள்ள பெட்டியில் 1 மி.மீ. மூடி உட்காராது. தகடு மடிக்கும் பிரஸ் பிரேக்கில் நிற்கிறவர் உன்னை ஃபோனில் கூப்பிடுவார், குரல் இனிமையாக இருக்காது.

நீராவி · ஆகஸ்ட் 12, காலை 6:50

டிராயிங் சண்டை நடக்கட்டும். முதல் வருடத்திலிருந்தே பழக வேண்டியது அலகுகள். அரியர் பட்டியலில் தெர்மோடைனமிக்ஸ் முதலிடம் பிடிப்பதற்குக் காரணம் கணக்கின் கஷ்டம் பாதிதான், மீதி அலகு.

கேள்வியில் "கொதிகலனின் கேஜ் 10 பார் காட்டுகிறது" என்று இருக்கும். ஸ்டீம் டேபிளில் (நீராவியின் அழுத்தம், வெப்பநிலை அட்டவணை) 10 பார் வரிசையைப் பார்த்து 179.9 டிகிரி எழுதுவார்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தம். டேபிளில் இருப்பது முழு அழுத்தம். பார்க்க வேண்டியது 11 பார், 184.1 டிகிரி. கேள்வியில் "கேஜ்" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் டேபிளையே திறக்க வேண்டும்.

இன்னொன்று, கெல்வின். வெப்ப இயந்திரத்தின் அதிகபட்சச் செயல்திறனுக்கு 1 − (குளிர் ÷ சூடு) போடும்போது செல்சியஸ் நுழைந்தால் 300 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவே 90 சதவீதம் வரும். கெல்வினில் போட்டால் 47. தொண்ணூறு வந்தால் பேனாவைக் கீழே வை.

ஓசூர்வாசி · ஆகஸ்ட் 12, காலை 7:15

கால்குலேட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு ஹாலில் உட்கார்ந்ததும் சைன் 30 போட்டுப் பார். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் ரேடியனில் கிடக்கிறது, முந்தின நாள் மேத்ஸ் பேப்பரின் கைங்கரியம்.

கடலூர்ப் பையன் · ஆகஸ்ட் 12, மாலை 5:20

சரி, டிராஃப்டர் வாங்கிவிட்டேன். ஒர்க்‌ஷாப்? லேத்தில் நிற்பவர் வேறு, டிசைன் செய்பவர் வேறுதானே?

லேத்து ராஜா · ஆகஸ்ட் 12, இரவு 8:37

முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் லேத் (ஜாப், அதாவது வெட்டப்படும் துண்டு, சுழலும் கடைசல் மெஷின்) என்றால் ஃபேசிங் (முனை முகத்தைச் சீவுவது), பிளெய்ன் டர்னிங் (ஒரே விட்டமாகச் சீவுவது) இவற்றோடு சரி. டேப்பர் (சரிவாகக் குறுகும் உருளை), த்ரெட் (திருகு மரை) எல்லாம் இரண்டாம் வருட உற்பத்தி லேபில் வரும். இப்போதே தெரிந்துகொண்டால் அங்கே முழிக்க வேண்டாம்.

டூல் முனை ஜாபின் மையக்கோட்டு உயரத்தில் இருக்க வேண்டும். லேத்தின் வலது முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கில் டெட் சென்டரைப் போட்டு அதன் கூர்முனைக்கு எதிரே டூலைக் கொண்டுவந்து பார், குறைந்தால் கீழே தகடு வை. ஃபேசிங் முடிந்த பிறகு நடுவில் சின்ன மொட்டு நின்றால் டூல் தாழ்ந்திருக்கிறது. உயர்ந்திருந்தால் வெட்டாமல் உரசும், பளபளப்பான கோடு விழும்.

வேகம். ஹைஸ்பீடு ஸ்டீல் டூல், மைல்டு ஸ்டீல் ஜாப் என்றால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர். 25 மி.மீ. கம்பிக்கு 27 மீட்டர் வைத்தால் 1000 × 27 ÷ (3.14 × 25), அதாவது 344 சுற்று. லேத்தில் இருப்பதில் அதற்குக் கீழே உள்ளதைப் போடு. நர்லிங் (பிடிமானத்துக்குச் சொரசொரப்பாக்குவது), த்ரெட் இரண்டுக்கும் வேகம் குறைக்கும் பேக் கியர் போட்டு மெதுவாக.

டேப்பர். பெரிய விட்டம் 24, சின்னது 18, நீளம் 40. டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டைத் திருப்ப வேண்டிய கோணத்தின் டேன் (24 − 18) ÷ (2 × 40), அதாவது 0.075; கோணம் 4 டிகிரி 17 நிமிடம். அந்த 2-ஐ விட்டுவிட்டு 8 டிகிரி 32 நிமிடம் வைப்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. திருப்பினால் ஒரு பக்கம்தான் சாய்கிறது, ஜாப் சுற்றுவதால் எதிர்ப்பக்கம் தானாக வந்துவிடுகிறது. அதற்குத்தான் அந்த 2.

லேத்து ராஜா · ஆகஸ்ட் 12, இரவு 9:10

த்ரெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்16, அதாவது 16 மி.மீ. மரை, பிட்ச் (அடுத்தடுத்த பள்ளங்களின் இடைவெளி) 2. டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6 என்றால் கியர் விகிதம் 2 ÷ 6. ஜாபைச் சுழற்றும் ஸ்பிண்டில் பக்கம் 20 பல், லீட் ஸ்க்ரூ பக்கம் 60. டூல் கோணம் 60 டிகிரி, மொத்த ஆழம் பிட்சில் 0.613 மடங்கு, இங்கே 1.23 மி.மீ. ஒரே வெட்டில் இறங்காதே. முதலில் 0.2, பிறகு போகப் போகக் குறைத்துக்கொண்டே வா, கடைசியில் 0.05. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலை வெளியே இழு, லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டைத் திற, டூலைச் சுமக்கும் கேரேஜைப் பின்னால் கொண்டு போ, மறுபடி பூட்டு.

கோவை பம்ப் · ஆகஸ்ட் 12, இரவு 9:52

எம்16-க்கு இது சரி. 6-ஐ 2 மிச்சமில்லாமல் வகுக்கிறது, ஹாஃப் நட்டை எங்கே பூட்டினாலும் பழைய பள்ளத்திலேயே விழும். எம்20-க்குப் பிட்ச் 2.5. 6 ÷ 2.5 முழு எண் இல்லை. இதே முறையில் திறந்து பூட்டினால் இரண்டாவது வெட்டு முதல் வெட்டின் முகட்டில் ஏறும், ஜாப் குப்பைக்கு. எம்20-க்கு ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. டூலை வெளியே எடுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டி, கேரேஜை அப்படியே பின்னால் கொண்டுவர வேண்டும்.

லேத்து ராஜா · ஆகஸ்ட் 12, இரவு 10:01

ஆமாம், அதைச் சேர்த்தே படிக்கவும். திருப்பி ஓட்டும்போது லீட் ஸ்க்ரூவில் பேக்லாஷ் (இடைவெளி ஆட்டம்) உண்டு. வெட்டு தொடங்கும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் பின்னாலேயே போய் நின்று, முன்னால் ஓட விட்டபின் டூலை நுழை.

ஓசூர்வாசி · ஆகஸ்ட் 13, காலை 7:05

"லேத்தில் நிற்பவர் வேறு, டிசைன் செய்பவர் வேறு" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. லேத்து ராஜா உற்சாகத்தில் போய்விட்டார்.

25 மி.மீ. ஷாஃப்ட், அதில் ஒரு புல்லி வழுக்கி நுழைய வேண்டும். டிராயிங்கில் துளைக்கு ஹெச்7, ஷாஃப்ட்டுக்கு ஜி6 (அளவு எவ்வளவு விலகலாம் என்று சொல்லும் குறியீடுகள், எண் சிறிதானால் இடம் குறையும்). துளை 25.000 முதல் 25.021 வரை, ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை. ஷாஃப்ட்டுக்குக் கிடைத்த இடம் 13 மைக்ரான். கல்லூரியில் கையில் இருக்கும் வெர்னியரின் மிகச் சிறு அளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். அந்தக் கருவியால் அந்த ஷாஃப்ட்டை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர் கருவியே திணறும். ஸ்னாப் கேஜோ மைக்ரான் காட்டும் கருவியோ வேண்டும். முடிப்பதற்கு கிரைண்டிங் தேவைப்படலாம். ஒரே ஒரு எழுத்தும் எண்ணும் டிராயிங்கில் போட்டதில் மெஷின் மாறி, கருவி மாறி, விலை மாறிவிட்டது. தேவையில்லாத இடத்தில் 6 போட்டவர் டிசைனர்தான். லேத்தில் நிற்பவரின் அவஸ்தை தெரிந்திருந்தால் அங்கே 9 போட்டிருப்பார்.

சாலிட்ஒர்க்ஸ் இதில் எதையும் சொல்லித்தராது. அது 25 என்று போடும், அழகாகச் சுழற்றிக் காட்டும்.

கோடிங்குக்குப் போனவன் · ஆகஸ்ட் 13, காலை 9:30

சரி, தோல்வி. ஆனால் அன்சிஸை விட்டுவிட்டீர்கள். அதில் ஸ்ட்ரெஸ் அதிகம் என்று காட்டும் சிவப்பு நிறம் எங்கே என்று பார்த்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை.

கியர்பெட்டி · ஆகஸ்ட் 13, மதியம் 1:15

அந்தச் சிவப்புதான் ஆபத்து.

2 மீட்டர் கேன்டிலீவர் (ஒரு முனை மட்டும் சுவரில் பூட்டிய கட்டை), மறு முனையில் 1 கிலோ நியூட்டன், 40 × 80 ஸ்டீல் கட்டை. மொமெண்ட் 2 × 10⁶ நியூட்டன் மி.மீ. 80 நிமிர்ந்து நின்றால் இசட் (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டின் அளவு) 42,667 மி.மீ.³, ஸ்ட்ரெஸ் 46.9 நியூட்டன்/மி.மீ.². அதே கட்டையைப் படுக்க வைத்தால் ஸ்ட்ரெஸ் இரட்டிப்பாகி 93.75, வளைவு 7.8 மி.மீ.யிலிருந்து நாலு மடங்காகி 31 மி.மீ. இவ்வளவும் இரண்டாம் வருட ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஐந்து நிமிட வேலை.

இதையே அன்சிஸில் போடு. சுவரோடு சேரும் முனையில் 60, 70 என்று காட்டும். கட்டையைப் பிரிக்கும் மெஷ் கட்டங்களைப் பொடியாக்கினால் இன்னும் ஏறும், மேலும் பொடியாக்கினால் மேலும் ஏறும். முழுக்கப் பூட்டிய முகத்தின் ஓரத்தில் கணிதமே முடிவில்லாமல் ஏறுவதால் வரும் எண் அது, கட்டையில் உள்ள ஸ்ட்ரெஸ் இல்லை. ஃபில்லட் (மூலையை வளைவாக்குவது) போடாத உள்மூலையிலும் இதே கதை. கையால் 46.9 போட்டுப் பார்த்தவன் அந்த எண்ணைச் சந்தேகிப்பான். மற்றவன் ரிப்போர்ட்டில் ஒட்டி, கட்டையைப் பெரிதாக்கு என்று எழுதுவான்.

அலகும் இருக்கிறது, நீராவி மகிழ்வார். சில சால்வர்களில் அலகே கேட்காது, மி.மீ., நியூட்டன், டன் என்று நாமே ஒத்துப்போக வைக்க வேண்டும். அங்கே ஸ்டீலின் அடர்த்தி 7.85 × 10⁻⁹. பழக்கதோஷத்தில் 7850 என்று அடித்தால் சுய எடையிலேயே பாலம் பாதாளத்துக்குப் போகும். புவியீர்ப்பு 9810, 9.81 இல்லை.

கடலூர்ப் பையன் · ஆகஸ்ட் 13, இரவு 8:00

டிசைன் பாடத்துக்கு ஒரு தடிமனான டேட்டா புக் தேர்விலேயே கொடுப்பார்களாமே? அப்படியானால் மனப்பாடம் வேண்டாம்தானே?

ஓசூர்வாசி · ஆகஸ்ட் 13, இரவு 8:26

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வெளியிட்ட டிசைன் டேட்டா புக். மனப்பாடம் வேண்டாம், பக்கம் தெரிய வேண்டும். 13 மார்க் கேள்விக்கு நேரம் சுமார் இருபது நிமிடம், அதில் எட்டு நிமிடம் புரட்டுவதில் போனால் முடிந்தது. சொந்தப் புத்தகத்தில் பென்சிலில்கூட எதுவும் எழுதாதே, ஹாலில் பிடுங்கிக்கொள்வார்கள்.

புத்தகம் எண் தரும், முடிவு தராது. ஒரு ஷாஃப்ட்: 10 கிலோவாட், நிமிடத்துக்கு 960 சுற்று, முறுக்கில் அனுமதித்த ஷியர் ஸ்ட்ரெஸ் 40. டார்க் 99.5 நியூட்டன் மீட்டர், விட்டம் 23.3 வரும், எல்லாரும் 25 என்று முடிப்பார்கள். சாவிக்குழி (புல்லியைப் பூட்டும் சாவிக்கான பள்ளம்) வெட்டினால் ஷியரைக் கால் பங்கு குறைத்து 30 என்று எடுக்க வேண்டும். இப்போது 25.7. 25 போதாது. பேரிங் வேறு இருக்கிறது: 6205 எண் பேரிங்கின் துளை 25, 6206-ன் துளை 30, நடுவில் சாதாரணமாகக் கிடைக்காது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை. ஆக 30.

நீராவி · ஆகஸ்ட் 13, இரவு 8:41

ஐந்தால் பெருக்குவது 04-லிருந்துதான். 00, 01, 02, 03 முறையே 10, 12, 15, 17. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) 6203 கேட்டு 15 என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

லேத்து ராஜா · ஆகஸ்ட் 14, காலை 6:30

வைவா என்றதும் கியர் நினைவு வந்தது. குறைந்தபட்சப் பல் 17, எழுதி வைத்துக்கொள்.

கியர்பெட்டி · ஆகஸ்ட் 14, காலை 7:48

அழுத்தக் கோணம் 20 டிகிரி, முழு ஆழப் பல், ரேக்கோடு (நேரான பல்வரிசை) ஓடினால் 2 ÷ சைன்² 20 = 17.1. கறாராகப் பார்த்தால் 18. 17-ல் விழும் அரிப்பு (பல்லின் அடி குடையப்படுவது) அற்பம் என்பதால் நடைமுறையில் விட்டுவிடுகிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு கியர் ஜோடியாக ஓடினால் 13 பல்லே போதும். பழைய 14.5 டிகிரிக்கு 32. வைவாவில் "17" என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி "எதோடு ஓடும்போது?" என்றுதான் வரும்.

கோவை பம்ப் · ஆகஸ்ட் 14, மாலை 6:10

ஃப்ளூயிட் லேப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குழாயில் பாயும் அளவைக் காட்டும் வென்ச்சுரி மீட்டரில் பாதரச மானோமீட்டர் (அழுத்த வித்தியாசம் காட்டும் யு வடிவக் குழாய்) இருந்தால் உயர வித்தியாசத்தை 12.6-ஆல் பெருக்க வேண்டும், 13.6-ஆல் இல்லை. பாதரசத்துக்கு மேல் இரண்டு காலிலும் தண்ணீர் நிற்கிறது, அந்த 1 கழியும். ஆரம்பிக்கும் முன் ரப்பர் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் காக் என்ற சிறு அடைப்பானைத் திறந்து வெளியேற்று. வென்ச்சுரியின் கெழு (உண்மை ஓட்டம் ÷ கணக்கில் வரும் ஓட்டம்) 0.97, 0.98 பக்கம் வராமல் 1.1 வந்தால் குமிழிதான் காரணம், அல்லது தொட்டியில் 10 செ.மீ. ஏறும் நேரத்தை யாரோ பராக்குப் பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறார்.

கடலூர்ப் பையன் · ஆகஸ்ட் 14, இரவு 9:00

கேட் தேர்வுக்கு (பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எப்போது தொடங்க வேண்டும்? பொதுத்துறை நிறுவனமான பி.ஹெச்.இ.எல். போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நீராவி · ஆகஸ்ட் 14, இரவு 9:22

பொதுத்துறைக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது, அந்தந்த வருட அறிவிப்பைப் பார். கேட் 65 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். ஒரே விடையைத் தேர்வு செய்யும் கேள்வியில் தப்பினால் அதன் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கழியும், எண்ணை நாமே அடிக்கும் கேள்வியில் கழியாது. கணிதமும் பொது அறிவுத்திறனும் சேர்ந்து சுமார் 28 மார்க், இதை மெக்கானிக்கல் பிள்ளைகள் கடைசிக்குத் தள்ளுவார்கள். தனியாகத் தொடங்க வேண்டிய தேதி கிடையாது. மூன்றாவது செமஸ்டரில் தெர்மோ எழுதும்போதே அந்த அத்தியாயத்தின் பழைய கேட் கணக்கைப் போட்டுவிடு. படித்து முடித்தும் வேலை அமையாவிட்டால் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியத்தின் வழியாக ஒரு வருட அப்ரெண்டிஸ் போகலாம்.

கோடிங்குக்குப் போனவன் · ஆகஸ்ட் 15, காலை 10:05

நாலாம் வருட ப்ராஜெக்டையும் சொல்லிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கும் ப்ராஜெக்ட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: ஒரு பிரேம், ஒரு டி.சி. மோட்டார், ஒரு சங்கிலி, மேலே நீல பெயிண்ட்.

ஓசூர்வாசி · ஆகஸ்ட் 15, காலை 11:40

இன்டர்வியூவில் "அந்த மோட்டார் எத்தனை வாட், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்" என்பது முதல் கேள்வி. "கடையில் இருந்தது" என்பது வழக்கமான பதில். 20 கிலோவை நொடிக்கு 0.1 மீட்டர் தூக்க வேண்டும் என்றால் 20 வாட் சுமார், சங்கிலி, கியர் இழப்பெல்லாம் சேர்த்து 40 வாட் மோட்டார் என்று இரண்டு வரி சொன்னால் போதும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

கடலூர்ப் பையன் · ஆகஸ்ட் 15, இரவு 7:30

திங்கள் முதல் கல்லூரி. ஷூ, காக்கி வாங்கியாச்சு. கையுறை வேண்டுமா?

லேத்து ராஜா · ஆகஸ்ட் 15, இரவு 7:44

வெல்டிங்குக்குத் தோல் கையுறை கட்டாயம், லேபிலேயே இருக்கும். லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் கையுறையே கூடாது, நூல் மாட்டினால் கையோடு இழுக்கும். சட்டையின் முழுக்கையை முழங்கைக்கு மேல் மடி, ஐ.டி. கார்டு கயிற்றைச் சட்டைக்குள் போடு. ஜாபைப் பிடிக்கும் சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதே. சுருள் சீவலைக் கையால் இழுக்காதே, பிரஷ் கேள்.

கோவை பம்ப் · ஆகஸ்ட் 15, இரவு 8:02

லேபில் சென்ட்ரிஃபியூகல் பம்ப்பைப் போடச் சொன்னால் ப்ரைமிங் (பம்ப்பில் தண்ணீர் நிரப்புவது) முடித்து, டெலிவரி வால்வை மூடிவைத்துத் தொடங்கு, பிறகு மெல்லத் திற. பிஸ்டன் ஓடும் ரெசிப்ரோகேட்டிங் பம்ப்புக்கு நேர் எதிர், வால்வு திறந்த பிறகுதான் சுவிட்ச். மூடிவைத்துப் போட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் ஏதாவது ஒன்று பிய்த்துக்கொண்டு வரும்.